கண்ணாடியின் பின்பக்கம்

கேள்வி இது: "ஐரோப்பாவின் இடைக்காலக் கண்ணாடிகள் என்று சில படங்கள் பார்த்தேன். ஒன்றில்கூட முகம் பார்க்கும் பக்கம் இல்லை. எல்லாமே பின்பக்கச் சிற்பம்தான். உள்ளங்கை அளவுப் பொருளுக்கு எதற்கு இவ்வளவு வேலைப்பாடு? அந்த உருவங்களுக்கு அர்த்தம் உண்டா, இல்லை பணக்காரர்களின் பகட்டா? ஒரு ஓவியத்தில் கண்ணாடி மாதாவோடு சேர்ந்து வருகிறது, இன்னொன்றில் பேயின் கையில் இருக்கிறது. இது எப்படி?"

படத்தில் முகம் பார்க்கும் பக்கம் இல்லாததற்குக் காரணம் எளிது. நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பக்கமே இன்று இல்லை. 14-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் செய்த தந்தக் கண்ணாடிகள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நிறைய இருக்கின்றன. ஆனால் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடியை உள்ளே வைத்து மூடிய தந்தச் சிமிழின் மூடிகள்தான். உள்ளே பதித்திருந்த பளபளப்பான தகடு எப்போதோ கழன்று தொலைந்துவிட்டது. அறுநூறு, எழுநூறு வருடம் தாண்டி நம் கைக்கு வந்து சேர்ந்தது முகத்தைக் காட்டிய பாகம் இல்லை, அதைப் பொத்தி வைத்திருந்த பாகம். இது தற்செயல்தான். ஆனாலும் அந்தக் காலத்துக்காரர்கள் கண்ணாடியில் எதை முக்கியமாக நினைத்தார்களோ, அது தப்பிப் பிழைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் கண்ணாடி என்றால் ஜன்னல் கண்ணாடியும் அதுதான், முகம் பார்ப்பதும் அதுதான். அதனால் இடைக்காலக் கண்ணாடி என்றதும் நம் மனம் தானாகவே கண்ணாடிச் சில்லுக்குப் போய்விடும். அந்தத் தந்தச் சிமிழ்களுக்குள் இருந்தது பெரும்பாலும் மெருகேற்றிய உலோகத் தகடு. ஆண்டாள் திருப்பாவையில் 'உக்கமும் தட்டொளியும்' என்று கேட்கிறாளே, அந்தத் தட்டொளி என்ற சொல்தான் இதற்குப் பொருத்தம். தட்டையாக இருப்பது, ஒளியைத் திருப்பி அனுப்புவது.

அந்தத் தகட்டில் என்ன தெரிந்திருக்கும்? வீட்டில் பித்தளைத் தாம்பாளம் இருந்தால் புளி போட்டு நன்றாகத் தேய்த்து, துடைத்து, ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பாருங்கள். முகம் தெரியும். ஆனால் மஞ்சள் ஏறி, ஓரம் கரைந்து, மூக்கும் வாயும் ஒரு குத்துமதிப்பாகத்தான் தெரியும். இரண்டு நாள் விட்டால் அதுவும் மங்கிவிடும். நல்ல கலவை உலோகத்தில் செய்து தேர்ந்த கை மெருகு போட்டிருந்தால் இதைவிடப் பல மடங்கு தெளிவாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் காலையில் குளியலறையில் நாம் பார்க்கும் முகத்தை அந்தக் காலத்து அரசி பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்தது விரல் நீள அகலத்தில், அவ்வப்போது துடைத்துத் துடைத்துப் பார்க்கவேண்டிய ஒரு சாயல்.

கண்ணாடிச் சில்லால் செய்தவையும் இருந்தன. அவை தட்டையாக இருக்கவில்லை. ஜெர்மனியின் நூரம்பர்க் போன்ற ஊர்களில் ஊதுகுழலால் கண்ணாடி உருண்டை ஊதி, சூடு ஆறுவதற்குள் உருக்கிய ஈயக் கலவையை உள்ளே விட்டுச் சுழற்றுவார்கள். உட்சுவரில் அது மெல்லிய பூச்சாகப் படியும். ஆறியதும் உருண்டையை வட்ட வட்டத் துண்டாக வெட்டுவார்கள். உருண்டையிலிருந்து வெட்டியதால் ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் புடைத்திருக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த குவி ஆடி. ஜெர்மானியர்கள் இதைக் காளைக்கண் என்று சொன்னார்கள், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். முகம் சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாக நிற்கும்; ஆனால் நீங்கள் இருக்கும் அறை முழுக்க, கதவு, விளக்கு, பின்னால் நிற்பவர் எல்லாம் வளைந்து உள்ளே வந்துவிடும். உலோகத் தகடு முகத்தை மங்கலாகக் காட்டியது. காளைக்கண் முகத்தைச் சிறிதாக்கி உலகத்தைக் காட்டியது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால்தான் இனி சொல்லப்போவது பிடிபடும்.

இப்போது சிமிழுக்கு வருகிறேன். எனக்கு இதில் மனம் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருக்கிறது, அதனால் நீளும்.

13-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு வருடம் பாரிஸுக்கு ஆப்பிரிக்க யானைத் தந்தம் தாராளமாக வந்தது. ஆசிய யானையின் தந்தத்தைவிட அது பருமன். அதனால் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டத்தில் வட்ட வில்லை அறுக்க முடிந்தது. அப்படி இரண்டு வில்லை. இரண்டின் உள்பக்கமும் ஆழமில்லாத குழியாகக் குடையப்பட்டிருக்கும், தகடு அதற்குள் உட்காரும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் முழுக்கச் செதுக்குவேலை. வட்டத்தின் விளிம்பில் நான்கு மூலைக்கு நான்காக இலைக்கொத்தோ, ஊர்ந்து போகும் சின்னச் சிங்கமோ, வால் சுருட்டிய விநோத மிருகமோ ஒட்டியிருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் அதை வெறும் ஒப்பனை என்று நினைப்பார்கள். வட்டமான வழுவழுப்பான பொருளைத் திருகித் திறக்கப் பிடிமானம் வேண்டாமா? அந்தச் சிங்கத்தின் முதுகில் கட்டைவிரலை வைத்துத் திருக வேண்டும். மேசைமேல் நிறுத்தினாலும் அது உருண்டு ஓடாது. அழகும் உபயோகமும் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்த ஆசாரிகளின்மேல் பெரிய மரியாதை வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது.

செதுக்கியிருப்பது என்ன? பெரும்பாலும் காதல். மாதா, இயேசு உருவங்களை அதே பாரிஸ் பட்டறைகள் தந்தத்தில் ஏராளமாகச் செய்தன. ஆனால் கண்ணாடிச் சிமிழ் என்று வந்தால் அங்கே காதலர்களின் ராஜ்யம்தான். ஒன்றில் கையில் வல்லூறோடு இருவர் குதிரையில் அருகருகே போகிறார்கள். ஒன்றில் மண்டியிட்ட இளைஞன் தலையில் அவள் பூவளையம் சூட்டுகிறாள். இன்னொன்றில் கூடாரத்துக்குள் இருவர் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

இந்தச் சதுரங்கக் காட்சியின் அருமையான மூடி ஒன்று, சுமார் 1300-இல் செய்தது, லூவரில் இருக்கிறது. கூடாரத்தின் நடுக்கம்பை அவன் இறுகப் பிடித்திருக்கிறான். கால்மேல் கால் போட்டிருக்கிறான். கூடாரத் துணி இரண்டு பக்கமும் மேடைத் திரை மாதிரி ஒதுங்கி நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் வேறு. ஆட்டத்தில் யார் ராஜாவை மடக்கப்போகிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பதாகப் பேர். ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து, ஒருவர் மனதை மற்றவர் படித்து, நகர்த்தி, விட்டுக்கொடுத்து, மடக்கி ஆடும் ஆட்டம். காதலுக்கு வேறு என்ன உவமை வேண்டும்? அதைக் கண்ணாடியின் முதுகில் வைத்தது பொருத்தம். தினமும் அதைத் திறக்கிறவள் அந்த ஆட்டத்தில் ஒருத்தி.

எனக்கு இதைவிடப் பிடித்தது காதல் கோட்டை முற்றுகை. பல மூடிகளில் இதே காட்சி வரும், ஒவ்வொன்றிலும் சின்ன மாற்றத்தோடு. கோட்டையின் உச்சியில் சிறகு முளைத்த காதல் தெய்வம் அம்போடு நிற்கும். கோட்டை மதிலில் பெண்கள். கீழே கவசம் அணிந்த வீரர்கள். பெண்கள் வீரர்கள்மேல் எறிவது ரோஜாப்பூ. கீழே இருப்பவர்கள் கவண்பொறியில் ஏற்றி வைத்திருப்பதும் ரோஜாப்பூ. ஒருவன் நூலேணியில் ஏறுகிறான். இன்னொருவன் மதிலை எட்டிவிட்டான், அவனை ஒருத்தி கைகொடுத்து மேலே இழுக்கிறாள். கோட்டையைக் காக்கிறவர்களே எதிரியை உள்ளே இழுக்கிற போர் இது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் கோபுரம், வாயில், குதிரைகள், பத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். அத்தனை நெருக்கத்திலும் பூக்கள் தனித்தனியாகத் தெரியும். செதுக்கிய காலத்தில் சில பாகங்களுக்குப் பொன் முலாமும் வண்ணமும் இருந்திருக்கின்றன. சில மூடிகளில் பள்ளமான இடங்களில் அதன் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1214-இல் வட இத்தாலியின் திரெவீசோ நகரில் நிஜமாகவே இப்படி ஒரு விழா நடந்ததை பாதுவா ஊர்க்காரரான ரோலாந்தினோ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பொய்க் கோட்டை ஒன்று கட்டி, உயர்ந்த துணிகளையும் மென்மயிர்த் தோல்களையும் போர்த்தி, உள்ளே சீமாட்டிகளை நிறுத்தினார்கள். இளைஞர்கள் பழங்களாலும் பூக்களாலும் பன்னீராலும் ஏலம், கிராம்பு, பட்டை போன்ற வாசனைச் சரக்குகளாலும் 'தாக்கினார்கள்'. அந்தச் சரக்குகள் நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டி அங்கே போய்ச் சேரப் பட்ட பாட்டையும் அன்றைய விலையையும் நினைத்தால், அள்ளி எறிவது என்பது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று புரியும். கடைசியில் வெனிஸ்காரர்களுக்கும் பாதுவாக்காரர்களுக்கும் நிஜமான கைகலப்பே வந்துவிட்டது. சிமிழில் அந்தப் பகுதி கிடையாது.

இதைப் பகட்டு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் சொல்கிறேன். இந்தச் சிமிழ் தனியாக வராது. சீப்பு, வகிடு எடுக்கும் தந்த ஊசி, கண்ணாடி, மூன்றும் ஒரு தோலுறையில் ஒன்றாக இருக்கும். 1316-இல் பிரெஞ்சு அரண்மனைக் கணக்கில் இப்படி ஒரு தொகுதி வாங்கிய பதிவு இருக்கிறது. இவை காதலிக்கும் மனைவிக்கும் கொடுக்கும் பரிசுப் பொருட்களாகவும் இருந்தன. நம் ஊரில் கல்யாணச் சீர்வரிசைத் தட்டில் சீப்பும் கண்ணாடியும் குங்குமச் சிமிழும் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், விஷயம் பாதி புரிந்துவிடும். அவன் கொடுத்ததை அவள் கையில் எடுக்கிறாள். முதலில் கண்ணில் படுவது பூவளையம் சூட்டும் காட்சி. திருகித் திறக்கிறாள். உள்ளே அவள் முகம். அவன் யாரைக் காதலிக்கிறான் என்ற கேள்விக்கு அந்தச் சிமிழே விடை சொல்லிவிடுகிறது. வெளிப்பக்கம் கதை, உள்பக்கம் கதாநாயகி. அந்த வேலைப்பாட்டின் அர்த்தமே இந்தத் திறப்பில்தான் இருக்கிறது. மூடிகளை மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கிற நமக்கு அது நழுவிப்போகிறது.

சரி, மாதாவும் பேயும்.

கண்ணாடி எதையும் தானாகச் சொல்வதில்லை. எதிரே நிற்பதைத் திருப்பிக் கொடுக்கிறது. இதை இடைக்கால ஐரோப்பியர்கள் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். பாதுவாவில் அரேனா சிற்றாலயச் சுவரில் 1305-ஐ ஒட்டி ஜோத்தோ என்ற ஓவியர் வரைந்த நற்குணங்களில் விவேகம் ஒரு பெண். மேசைமுன் உட்கார்ந்து கைக்கண்ணாடியைப் பார்க்கிறாள். அவள் தலையின் பின்பக்கம் இன்னொரு முகம், முதியவரின் முகம். முன்னால் வருவதையும் பின்னால் போனதையும் சேர்த்துப் பார்ப்பவள், தன்னையே ஆராய்பவள். அதே கைக்கண்ணாடி, பிரான்ஸின் ஆன்ஜே நகரில் இருக்கிற 14-ஆம் நூற்றாண்டின் பிரம்மாண்டமான சித்திரத் திரைகளில், விவிலியத்தின் கடைசி நூலில் பாவத்தின் உருவமாக வரும் பாபிலோனின் வேசி கையில் இருக்கிறது. அவள் அதைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். போஷ் என்ற ஓவியர் பெயரில் வழங்கும், இன்று மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏழு பாவங்கள் பலகையில் அகந்தைக்கு வரைந்திருப்பது இது: ஒரு பெண் நமக்கு முதுகு காட்டித் தலையலங்காரத்தைச் சரிசெய்கிறாள், அவளுக்குக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவது ஒரு பேய். அவள் கண்ணாடியை மட்டும் பார்க்கிறாள், அதைப் பிடித்திருக்கும் கையைக் கவனிக்கவில்லை. பொருள் ஒன்றுதான். யார் பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கிறார்கள் என்பதில் புனிதமும் பாவமும் பிரிந்துவிடுகின்றன.

மாதாவோடு கண்ணாடி வருவதற்கு வேர் விவிலியத்தில் இருக்கிறது. சாலமோனின் ஞானம் 7:26-இல் ஞானத்தைக் கறை படியாத கண்ணாடி என்று சொல்கிறது. அதை மரியாவுக்கு ஏற்றிச் சொன்னார்கள். கறை எளிதில் படிகிற, நாளும் மங்குகிற உலோகத் தகட்டோடு வாழ்ந்தவர்களுக்குக் கறை படியாத கண்ணாடி என்பது எவ்வளவு பெரிய சொல் என்று யோசித்துப் பாருங்கள். இன்று நமக்கு அது சாதாரண வார்த்தை. அன்றைக்கு அப்படி ஒரு கண்ணாடியை யாரும் கண்டதில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. நம் பழைய தமிழ் வேதாகமம் அதை "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்று சொல்லும். நிழலாட்டமாய்! மங்கிய தாம்பாளத்தில் முகம் பார்த்த அனுபவம் இருந்தால் அந்த ஒரு சொல் போதும். இவ்வுலகில் கடவுளை அறிவது அப்படித்தான் என்று சொல்லும் வாக்கியம், மங்கலான கண்ணாடி இருந்த காலத்தில்தான் முழுதாக உறைக்கும்.

அதனால்தான் அந்த நூற்றாண்டுகளில் புத்தகங்களுக்கே கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் போவே நகரத்து வின்சென்ட் என்ற துறவி அன்றைய அறிவு முழுவதையும் தொகுத்த மாபெரும் கலைக்களஞ்சியத்துக்குப் பெயர் 'பெருங்கண்ணாடி'. அதே நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் ஐக்கே ஃபான் ரெப்கோ சாக்சன் மக்களின் வழக்குச் சட்டத்தை எழுதி 'சாக்சன்களின் கண்ணாடி' என்றார். பெண்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் சாக்சன்கள் இதில் தங்கள் சட்டத்தைப் பார்க்கலாம் என்று காரணமும் சொன்னார். மார்கரீத் போரேத் என்ற பெண், கடவுளின் அன்பில் கரைந்துபோகும் எளிய ஆன்மாக்களைப் பற்றி எழுதிய நூலுக்கும் கண்ணாடி என்றே பெயரிட்டார். திருச்சபை அந்த நூலைத் தவறென்று தீர்ப்பளித்தது. அதைக் கைவிட மறுத்த அவரை 1310 ஜூன் 1 அன்று பாரிஸில் உயிரோடு எரித்தார்கள். எந்தப் பாரிஸ்? காதலர்கள் சதுரங்கம் ஆடும் கண்ணாடிச் சிமிழ்களைப் பட்டறைகள் செதுக்கிக்கொண்டிருந்த அதே பாரிஸ், அதே வருடங்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கண்ணாடி என்று பெயரிட்ட ஒரு நூலுக்காக ஒருத்தி உயிரையே கொடுத்திருக்கிறாள்.

அடுத்தது ஏழை எளியவர்களின் கண்ணாடி. தந்தச் சிமிழ் வாங்க வசதி இல்லாதவர்களிடமும் கண்ணாடி இருந்தது. ஜெர்மனியின் ஆகன் பேராலயத்தில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை புனித ஆடைகளை மக்களுக்குக் காட்டுவார்கள். மாதாவின் அங்கி, குழந்தை இயேசுவைச் சுற்றிய துணி என்று நம்பப்பட்டவை அவற்றில் உண்டு. கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டம் இல்லை. கிட்டே போய்த் தொட முடியாது. அதனால் ஈயம், வெள்ளீயம் கலந்து வார்த்த மலிவான வில்லைகளில் சின்னக் கண்ணாடி பதித்து விற்றார்கள். அதை உயரத் தூக்கிப் பிடித்து, புனிதப் பொருளின் ஒளியை அதற்குள் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். கண்ணாடி தான் கண்டதை உள்ளே வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இன்று தேரோட்டத்தில் கூட்டத்துக்கு மேல் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறோமே, அந்தக் கை உயரும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வில்லைக் கண்ணாடியை மொத்தமாகச் செய்து விற்க ஸ்ட்ராஸ்பர்க்கில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கியவர் யார் தெரியுமா? பின்னால் அச்சுப் புத்தகத்தால் உலகப் புகழ் பெற்ற கூட்டன்பர்க். 1439-இல் யாத்திரை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அது 1440-க்குத் தள்ளிப்போனது. இதற்கிடையில் ஒரு கூட்டாளி இறந்துவிட, அவருடைய சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் சாட்சியங்கள் இருப்பதால்தான் இந்தக் கண்ணாடி வியாபாரமே நமக்குத் தெரியவந்தது. உலோகத்தை அச்சில் வார்த்து ஒன்றுபோல் பல எடுக்கும் பழக்கம் அந்தக் கைக்குக் கண்ணாடி வில்லையிலேயே வந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

இனி ஓவியத்துக்குள் இருக்கும் கண்ணாடிகளில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்காமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. யான் வான் எய்க் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியம், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பலகையின் உயரம் 82 சென்டிமீட்டர்தான். ஒரு அறை, ஒரு ஆண், பச்சை உடையில் ஒரு பெண், காலடியில் ஒரு நாய்க்குட்டி. இருவருக்கும் நடுவில், பின்சுவரில், ஒரு காளைக்கண். அதன் சட்டம் பூவிதழ்போல் வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு குட்டி வட்டம், மொத்தம் பத்து. ஒவ்வொரு வட்டத்திலும் கிறிஸ்துவின் பாடுகளில், அதாவது சிலுவையை ஒட்டி அவர் பட்ட துன்பங்களில், ஒரு காட்சி. உச்சியில் சிலுவை. நிஜ அளவில் ஒவ்வொரு வட்டமும் ஒரு விரல்நகத்துக்கு மேல் பெரிதில்லை. ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்ததோ என்று நினைக்கத் தோன்றும்.

நடுவில் கண்ணாடி. அதற்குள் அந்தத் தம்பதியின் முதுகு தெரிகிறது. ஜன்னல் வளைந்து தெரிகிறது. அவர்களுக்கு எதிரே, அதாவது படத்தைப் பார்க்கும் நாம் நிற்கிற இடத்தில், கதவு திறந்திருக்கிறது. வாசலில் இரண்டு பேர், ஒருவர் நீலம், ஒருவர் சிவப்பு. கண்ணாடிக்கு மேலே சுவரில் அழகான எழுத்தில் 'யான் வான் எய்க் இங்கே இருந்தான், 1434' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வரைந்தான் என்று எழுதவில்லை. இருந்தான். பக்கத்தில் ஆணியில் ஒரு ஜெபமாலை தொங்குகிறது, அதன் மணிகளின் பளபளப்பும் சுவரில் அது போடும் நிழலும் தனித்தனியாக.

கரண்டியின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேனே, அது இங்கேதான் உதவும். காளைக்கண் முகத்தைச் சிறிதாக்கி அறையை முழுதாக உள்ளே இழுக்கும் என்பதை வான் எய்க் அணு அணுவாகப் பார்த்து வைத்திருக்கிறார். அதனால் ஓவியத்தின் சட்டத்துக்கு வெளியே இருப்பதும் ஓவியத்துக்குள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பார்க்கும் கடவுளின் கண் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. சாட்சியின் கண் என்பவர்கள் உண்டு. சட்டத்தைச் சுற்றிப் பாடுகளின் காட்சிகளை வைத்ததால், அந்த அறையில் நடப்பதெல்லாம் சிலுவையின் பார்வைக்குள் நடக்கிறது என்று படிக்கத்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள்: காலடியில் இருக்கும் நாய்க்குட்டி கண்ணாடிக்குள் இல்லை. இவ்வளவு நுணுக்கமாக வரைந்தவர் மறந்திருப்பாரா என்று பல வருடமாக எனக்குள் ஓடும் கேள்வி அது.

பதினைந்து வருடம் கழித்து, 1449-இல், பெட்ரஸ் கிறிஸ்டஸ் ஒரு பொற்கொல்லர் கடையை வரைந்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் மேசைமேல் ஒரு காளைக்கண். உள்ளே தெருவும், தெருவில் கையில் வல்லூறோடு போகும் ஓர் இளைஞனும் அவன் தோழனும். கடைக்காரர்கள் வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்க்க நிஜமாகவே இவற்றை வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடியின் பரப்பில் புள்ளிகளும் கறைகளும் இருக்கின்றன. கறையோடு வரைந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொற்கொல்லர் கையில் தராசு. தெருவைக் காட்டும் கண்ணாடியில் கறை.

இன்னும் ஒன்று. பாரிஸ் க்ளூனி அருங்காட்சியகத்தில் சுமார் 1500-இல் நெய்த ஆறு சித்திரத் திரைகள் இருக்கின்றன, சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும். பார்வை என்ற புலனுக்கான திரையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். குதிரை முன்னங்கால் இரண்டையும் அவள் மடியில் வைத்திருக்கிறது. அவள் கையில் பொற்சட்டமும் தண்டும் கொண்ட, மணிகள் பதித்த கண்ணாடி. அதை அவள் பார்க்கவில்லை. குதிரைக்குக் காட்டுகிறாள். கண்ணாடிக்குள் அந்தக் குதிரையின் முகம் தெரிகிறது. அவள் கண்கள் பாதி தாழ்ந்திருக்கின்றன. இவ்வளவு நேரம் நாம் கண்ட பெண்கள் எல்லோரும் தங்களுக்காகக் கண்ணாடி பார்த்தவர்கள். இவள் ஒருத்தி, தன்னைப் பார்க்காமல், தன்னிடம் அடைக்கலம் புகுந்த ஒரு காட்டுயிருக்கு அதன் அழகைக் காட்டுகிறாள். அந்தத் திரைமுன் நின்றால் சிறிது நேரம் பேச்சு வராது.

ஐரோப்பாவையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதே காலத்தில், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், ஈரான் முதல் அனத்தோலியா வரை செல்ஜுக் என்ற துருக்கிய அரச மரபின் காலத்து வார்ப்பு வெண்கலக் கண்ணாடிகளின் பின்பக்கமும் இப்படியே நிறைந்திருக்கும். முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு மனிதமுகச் சிங்கங்கள், சுற்றிலும் கூஃபிக் என்ற பழைய அரபு எழுத்தில் உடையவருக்கு வாழ்த்து: புகழ், நீண்ட ஆயுள், நலம். அங்கே வாழ்த்து, இங்கே காதல்.

இந்த உலகம் எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் அருகே முரானோ தீவில் தெளிந்த தட்டைக் கண்ணாடி செய்யக் கற்றார்கள். 1507-இல் தல் காலோ சகோதரர்கள் அத்தகைய முகக்கண்ணாடி செய்யும் தனியுரிமையை வெனிஸ் அரசிடம் பெற்றார்கள். வெள்ளீயத் தகட்டில் பாதரசத்தைப் பரப்பி அதன்மேல் கண்ணாடியைப் படியவைக்கும் முறை பரவியது. நாம் இன்றும் பழைய கண்ணாடி மங்கினால் 'ரசம் போயிடுச்சு' என்கிறோம். இன்றைய கண்ணாடியில் பாதரசம் கிடையாது. வார்த்தை மட்டும் அந்தக் காலத்திலிருந்து நம்மோடு வருகிறது. முகம் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் கண்ணாடி பெரிதானது, சுவரில் ஏறியது. சுவரில் ஏறியபின் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? வேலைப்பாடு சட்டத்துக்கு நகர்ந்துவிட்டது.

கடைசியாக, நீங்கள் பார்த்த படங்களுக்கே வருகிறேன். அடுத்தமுறை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இப்படி ஒரு மூடியைப் பார்த்தால், இரண்டாவது, மூன்றாவது படம் இருக்கிறதா என்று தேடுங்கள். பல இடங்களில் உள்பக்கத்தையும் படமெடுத்துப் போட்டிருப்பார்கள். ரோஜாவும் இல்லாமல் கோட்டையும் இல்லாமல் வழுவழுவென்று ஒரு வட்டக் குழி, சுற்றிலும் தகடு உட்கார்ந்திருந்த விளிம்பு. அப்புறம் மறுபடி முன்பக்கத்துக்குத் திரும்பி, உருவங்களில் எங்கெல்லாம் மேடு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். காதலர்களின் மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்கும். விளிம்பில் ஊரும் சிங்கத்தின் முதுகிலும் தேய்மானம் தெரியும். திறக்கும்போதெல்லாம் ஒரு விரல் பட்ட இடம் அது.